மஞ்சள் மூடி வாரம்

எங்கள் வீட்டில் மூன்று குப்பைத் தொட்டிகள்.
பச்சை மூடி வாராவாரம்.
சிவப்பும் மஞ்சளும் முறைவைத்து.
நகராட்சி அனுப்பிய அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது,
அதன்மேல் பல் டாக்டர் சீட்டு,
அதற்கும் மேல் பீட்சாக் கடைக் காந்தம்.
யாரும் பார்ப்பதில்லை.

ரெனேக்கும் முறைவைத்த வேலைதான்.
எட்டு நாள் சுரங்கம், ஆறு நாள் வீடு.
செவ்வாய் விடிகாலை ஆரஞ்சுச் சட்டையில்
அவள் விமானத்துக்குக் கிளம்பினால்
அன்றிரவு தெருவில் சிவப்பு மூடி.
அடுத்த செவ்வாய் இரவு வந்து இறங்கும்போது
மஞ்சள்.
யாரும் திட்டமிடவில்லை.
நகராட்சிக்கும் இரும்புத்தாதுக் கம்பெனிக்கும்
எங்களை அறியாமல் ஓர் ஒப்பந்தம்.

அங்கே அவள் ஓட்டும் லாரியின் ஒரு சக்கரம்
எங்கள் சமையலறைக்குள் நிற்காது, கூரை இடிக்கும்.
இங்கே வந்தால் என் பழைய மஸ்டாவை
ரிவர்ஸ் எடுக்க மூன்று தரம் முயல்கிறாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
அவள் வந்த இரவு வீடு நிறைந்துவிடும்.
நாலாம் நாள் நான் கேட்பேன்,
கத்தரிக்கோலை யார் இடம் மாற்றியது என்று.
கேட்கும்போதே தெரியும், அது அவள் கத்தரிக்கோல்,
அவள் வாங்கிய இழுப்பறை.
அவள் பதில் சொல்லாமல்
விருந்துக்கு வந்தவளைப் போல
கைகளை மடியில் வைத்துக்கொள்வாள்.

இமோஜெனுக்கு ஆறு வயது.
கிழமைகள் இன்னும் வழுக்குகின்றன.
நிறங்கள் தெரியும்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்,
ரெனே காலையில்தான் போயிருந்தாள்.
நான் மீன் துண்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
வாசல் சிமெண்டில் கடகடவென்று சத்தம்.
ஜன்னல் வழியே பார்த்தால்,
பள்ளிக்கூடக் காலுறையோடு
தன்னைவிட உயரமான மஞ்சள் மூடித் தொட்டியை
பின்புறமாக நடந்து இழுத்துப் போகிறாள்.
உதவி செய்கிறாள் என்று நினைத்தேன்.
கெட்டிக்காரி என்றுகூட நினைத்தேன்.

எதிர்வீட்டு ஸ்டென்கோ அட்டவணையை நம்புவதில்லை,
எங்கள் வாசலைத்தான் நம்புவார்.
அவரும் மஞ்சளை வைத்தார்.
அவரைப் பார்த்து அந்தக் கைக்குழந்தை வீடு.
ஒன்பது மணிக்குள்
தெரு திரும்பும் முனைவரை
மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.

காலையில் சிவப்புக்கான லாரி வந்தது.
இரும்புக் கையை மடக்கிக்கொண்டு
ஒரு வாசலிலும் நிற்காமல் போயிற்று.
ஸ்டென்கோ செருப்போடு ஓடிவந்து
லாரியைப் பார்த்தார், பிறகு என்னை.
இன்னும் இரண்டு வாரத்துக்கு
அந்தக் குழந்தையின் டயப்பர்களுக்குப் போக்கிடமில்லை.

இமோஜென் மட்டும் லாரியைப் பார்க்கவில்லை.
பையை மாட்டிக்கொண்டு தபால்பெட்டியருகே நின்று
டாக்ஸிகள் வரும் பக்கமாகப் பார்த்தபடி இருந்தாள்.
அப்போதுதான் எனக்கு விளங்கியது.
ஒன்றும் கேட்கவில்லை.
பள்ளிக்கூடம் வரை அவளும் பேசவில்லை.

இரவு ரெனே கூப்பிட்டாள்.
வேடிக்கை போலத்தான் சொன்னேன்,
ஸ்டென்கோவின் செருப்பு, மடங்கிய இரும்புக் கை.
அந்தப் பக்கம் அறையின் ஏசி இரைந்துகொண்டிருந்தது.
சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.
"எந்த நிறத்தை வைத்தாள்?"
"மஞ்சள்."
"ம்."
பிறகு கேட்டாள், பிள்ளை ராத்திரி என்ன சாப்பிட்டாள் என்று.

அடுத்த செவ்வாய் முறைப்படி மஞ்சள்.
இமோஜென் தொட்டியைத் தொட மறுத்துவிட்டாள்.
நான்தான் தள்ளிக்கொண்டுபோய் வைத்தேன்.
அவள் சோபாவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்,
ஷூவைக் கழற்றாமல்.

ஒன்பதரைக்கு டாக்ஸி.
ரெனே உடனே உள்ளே வரவில்லை.
பூட்ஸின் மடிப்பில் செம்மண்ணோடு
புல்தரையில் பெட்டியைச் சாய்த்துவிட்டு
தொட்டியின் மூடியைத் தூக்கி
ஃபோன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள்.
பால் கேன்கள். தானிய அட்டை.
தக்காளி டின், ஏகப்பட்டது.
வெகுநேரம் பார்த்தாள்,
வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பிரித்தவள் மாதிரி.

கதவைத் திறந்து நின்ற என்னிடம்
முதலில் கேட்டது இதுதான்:

"ஷாம்பு மாத்திட்டீங்களா?"